உம்ரா கானின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எழுத உட்காருமுன்

இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பகுதியான ஜந்தோலின் தலைவர் உம்ரா கானைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் அவருடைய வீரத்தில் தொடங்குவார்கள். நீங்கள் வரைபடத்தில் தொடங்குங்கள். பெஷாவருக்கு வடக்கே மலாக்கந்து கணவாய், ஸ்வாத் ஆறு, பஞ்ச்கோரா ஆறு, ஜந்தோல், திர், லொவாரி கணவாய், அப்பால் சித்ரால். லொவாரி 10,000 அடிக்கு மேல். குளிர்காலத்தில் பனி மூடிக்கொள்ளும். 1895 ஜனவரியில் அதைத் தாண்டி உம்ரா கானின் படை சித்ராலுக்குப் போனது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது அப்போதுதான் உறைக்கும்.

அடுத்து பங்காளிகளின் பட்டியல். பட்டாணியர் அரசியலில் இதை விட்டால் ஒன்றும் விளங்காது. அண்ணனைக் கொன்று ஜந்தோலைப் பிடித்தவர் உம்ரா கான். 1890 வாக்கில் திர் நாட்டை ஆண்ட கான் முகம்மது ஷரீபை விரட்டினார், ஆனால் ஆளை ஒழிக்கவில்லை. இதை அடிக்கோடிட்டு வையுங்கள். 1895இல் ஆங்கிலப் படை நுழைந்ததும் திர் நாட்டை மீட்டவர் அந்த ஷரீப்தான். எல்லாம் பீரங்கியின் வேலை என்று முடித்தால் பாதிக் கதை போய்விடும்.

1895க்கு மட்டும் இரண்டு பத்திகளாகத் தேதி போடுங்கள். ஒன்றில் சித்ரால் கோட்டை: மார்ச் தொடக்கத்தில் உள்ளே இருந்த ஆங்கிலப் படை மீது முற்றுகை, ஏப்ரல் 20இல் கில்கித்திலிருந்து ஆங்கில அதிகாரி கெல்லியின் சிறுபடை வந்து சேர்ந்தது. மற்றதில் தெற்கிலிருந்து வந்த ஆங்கில ஜெனரல் லோவின் சுமார் 15,000 பேர்: ஏப்ரல் 3 மலாக்கந்து, ஏப்ரல் 17 ஜந்தோலில் உள்ள முண்டா; உம்ரா கான் ஆப்கானிஸ்தானுக்கு ஓட்டம். இரண்டையும் கலந்து, ஜெனரல் லோதான் சித்ரால் கோட்டையை மீட்டார் என்று எழுதுவது வழக்கமான பிழை. முற்றுகையை முன்னின்று நடத்தியதும் உம்ரா கான் அல்ல, சித்ரால் அரியணைக்கு உரிமை கோரிய ஷேர் அப்சல். ஜந்தோல் ஆட்கள் அவருக்குத் துணை.

படையெடுப்புக்கு முன் ஆங்கிலேயர் 1895 மார்ச்சில் வெளியிட்ட அறிவிப்பைத் தனியே எடுத்து வைத்துப் படியுங்கள். நிலத்தை நிரந்தரமாகப் பிடிக்கும் எண்ணமில்லை என்கிறது. பிறகு மலாக்கந்தில் படை தங்கியது, சித்ராலுக்குச் சாலை வந்தது, 1897இல் கிளர்ச்சி வெடித்தது. அவர்களுடைய ஆவணங்கள் உம்ரா கானை அபகரித்தவர் என்றே பேசும். பிடிபட்ட இரண்டு ஆங்கில அதிகாரிகளை அவர் மரியாதையாக நடத்தி விடுவித்ததும் அதே ஆவணங்களில்தான் இருக்கிறது.

மூலக் கோப்புகளுக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளியுறவுத் துறை வரிசையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஜந்தோல், ஜந்துல் என எழுத்துக்கூட்டு மாறும். எல்லா வடிவத்திலும் தேடினால்தான் கோப்பு சிக்கும்.