சொந்த லினக்ஸ் ஒன்றைச் செய்வதும் கைவிடுவதும்

பரந்தனில் நான் படிப்பிக்கும் ரியூசன் வகுப்புக்கு, வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பழைய மடிக்கணினிகள் மூன்று வந்தன. மூன்றிலும் நாலு ஜிபி ராம். அவற்றுக்காக ‘பாலை’ என்று ஒரு லினக்ஸ் இயங்குதளம் செய்தேன். இரண்டு வருடம் ஓடியது, பிறகு கைவிட்டேன். இரண்டு வேலையையும் இங்கே சொல்லித் தருகிறேன்.

டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் கணினி ஒன்று, வட்டில் இருபது ஜிபி இடம், ஒரு பென் ட்ரைவ் வேண்டும். சரி, தொடங்குவோம்.

முனையத்தில், மென்பொருள் பொதிகளை நிறுவும் ஆப்ட் மூலம் லைவ்-பில்ட் பொதியை நிறுவுங்கள். சொந்த லினக்ஸைக் கட்டித் தருவது இதுதான். வெறுங் கோப்புறை ஒன்றுக்குள் போய் ‘எல்பி கன்ஃபிக்’ கட்டளையைக் கொடுங்கள். அதோடு சேர்த்துக் கொடுக்கும் ‘டிஸ்ட்ரிபியூஷன்’ தெரிவில் நான் புக்வோர்ம், அதாவது டெபியன் 12 போட்டேன். நீங்கள் ட்ரிக்ஸி, அதாவது டெபியன் 13 போடுங்கள். பொதிகள் எந்தப் பிரிவுகளில் இருந்து வர வேண்டும் என்று சொல்லும் ஆர்க்கைவ் ஏரியா தெரிவில் மெயினோடு நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேரையும் சேர்க்காவிட்டால் பல மடிக்கணினிகளில் வைஃபை எழும்பாது.

அடுத்தது பொதிப் பட்டியல். பேக்கேஜ்-லிஸ்ட்ஸ் கோப்புறைக்குள் ஒரு கோப்பில் வரிக்கு ஒரு பொதியாக எழுதுங்கள்: டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ, லிப்ரேஓபிஸ், தமிழ் எழுத்துருக்கள், தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என். ரெங்கநாதன் விசைப்பலகை அந்தக் கடைசிப் பொதியோடு வரும். பாமினி விசைப்பலகையில் பழகிய பெடியள் முதல் கிழமை முணுமுணுப்பார்கள், விடுங்கள். கோப்பின் பெயர் ‘டொட் லிஸ்ட் டொட் குரூட்’ என்று முடிய வேண்டும். நான் டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்துவிட்டேன். லைவ்-பில்ட் ஒரு சொல்லும் சொல்லாமல் அதை விட்டுவிட்டு, டெஸ்க்டாப்பே இல்லாத கறுப்புத் திரை ஒன்றைக் கட்டித் தந்தது.

வால்பேப்பர் முதலியவற்றை இன்க்ளூட்ஸ்-குரூட் கோப்புறையில் வையுங்கள். அதற்குள் இருக்கும் அமைப்பு அப்படியே புதுக் கணினிக்குப் போகும். பொதிப் பட்டியலுக்கு ஒரு பின்னேரம் செலவழித்தேன், பாலை மரப் படத்துக்கு மூன்று பின்னேரம்.

இனி ‘சுடோ எல்பி பில்ட்’. இங்கேதான் எனக்குக் கரண்ட் போனது, இரவு பதினொன்றரைக்கு, பாதி இறங்கியிருக்கும்போது. பயப்பட வேண்டாம். ‘எல்பி கிளீன்’ கொடுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். முடிந்த கட்டங்களில் இறங்கிய பொதிகள் கேஷ் கோப்புறையில் இருக்கும், அவற்றை மறுபடி இறக்க வேண்டியதில்லை. ஆனால் கிளீனோடு ‘பேர்ஜ்’ சேர்த்தீர்களோ, கேஷும் சேர்ந்து போய்விடும். காட் போட்டு டேட்டா வாங்குபவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

கடைசியில் முழு லினக்ஸும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு ஒன்று வரும். பென்னின் பெயரை ‘எல்எஸ்பிஎல்கே’ கொடுத்துப் பார்த்துவிட்டு, ‘டிடி’ கட்டளையால் அதில் எழுதுங்கள். பெயரை மாறிக் கொடுத்தால் வன்வட்டு அழிந்துவிடும்.

இனிக் கைவிடுவது. வால்பேப்பரையும் சில அமைப்புகளையும் புதுப்பிக்கவென்று சொந்தப் பொதிக் களஞ்சியம் ஒன்று வைத்திருந்தேன். அது தேவையில்லாத சோக்கு. பொதிகள் என்னுடையவைதான் என்று ஆப்டுக்குக் காட்டும் அதன் கையொப்பத் திறப்புக்கு இரண்டு வருடம்தான் ஆயுள் கொடுத்திருந்ததை மறந்துபோனேன். ஒரு நாள் மூன்று மடிக்கணினியிலும் அப்டேட் பிழை காட்டியது. “சேர், உங்கட லினக்ஸ் செத்துப்போச்சோ?” என்று ஒருவன் கேட்டான். 2025 ஓகஸ்டில் டெபியன் 13 வேறு வந்துவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி கட்டிச் சோதிக்க வேண்டும். மூன்று கணினிக்கு இது பெரிய வேலை என்று அப்போதுதான் உறைத்தது.

முதலில் சோர்சஸ்-லிஸ்ட்-டி கோப்புறையில் இருக்கும் உங்கள் களஞ்சியக் கோப்பையும், கீரிங்ஸில் இருக்கும் திறப்பையும் அழியுங்கள். டெபியனின் சொந்தக் களஞ்சியமும் பாதுகாப்புக் களஞ்சியமும் சோர்சஸ்-லிஸ்ட் கோப்பிலோ இந்தக் கோப்புறையிலோ இருக்கின்றனவா என்று பாருங்கள், பிறகு அப்டேட் ஓட்டுங்கள். பிழை வராவிட்டால் அது இனி வெறும் டெபியன்தான். வகுப்பில் இருக்கும் பாவனையாளருக்கு ஒன்றும் மாறியது தெரியாது.

அப்புறம், ஐஎஸ்ஓவை அழித்தாலும் பொதிப் பட்டியலை வைத்திருங்கள். புதுக் கணினி வந்தால் சாதாரண டெபியனை நிறுவி, அந்தப் பட்டியலை வாசித்து ஆப்டுக்குக் கொடுக்கும் நாலு வரி ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டுகிறேன். பட்டியலில் உங்களுக்காக எழுதிய குறிப்பு வரிகள் இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆப்ட் அவற்றையும் பொதி என்று நினைத்துத் தேடி, கிடைக்கவில்லை என்று அப்படியே நின்றுவிடும்.