தலைகீழாக இறங்கும் நீலக் குருவியைப் பார்ப்பது எப்படி?

ஆலங்காயத்தில் எனக்குத் தையல் கடை. ஞாயிறு லீவு என்பதால் விடியற்காலை பஸ் பிடித்து ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் போய்விடுவேன். நட்சத்திரங்களைப் பார்க்கும் 2.3 மீட்டர் விட்டத் தொலைநோக்கி இருக்கும் அதே காவலூர்தான். நான் போவது பசையெடுப்பான் என்ற சின்னப் பறவைக்காக. அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காதைத் தயார் செய்யுங்கள். கண்ணால் தேடினால் கிடைக்காது. பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள உடம்பு அது, இலைக்குள் மறைந்துவிடும். ‘சிட்-சிட்-சிட்’ என்று கூர்மையாக, இடைவிடாமல் ஒரு சத்தம் வரும். கேட்டதும் நடப்பதை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அது தனியாக வராது. பட்டாணிக் குருவி, மின்சிட்டு, மாம்பழச்சிட்டு எல்லாம் கலந்த கூட்டமாக மரத்துக்கு மரம் நகரும். மின்சிட்டின் சிவப்பு தெரிந்தால் பக்கத்து மரங்களின் அடிமரத்தையும் பெரிய கிளைகளையும் பாருங்கள்.

அடுத்தது, திசை. மரங்கொத்தி வாலை ஊன்றிக்கொண்டு மேலே ஏறும். பசையெடுப்பானுக்கு வால் குட்டை, ஊன்றவும் ஊன்றாது. முழு வேலையும் காலில்தான். ஒரு காலை மேலே கொக்கிபோல் மாட்டி, இன்னொன்றைக் கீழே ஊன்றி, கோணல்மாணலாக ஓடும். மேலே ஏறும், கிளையின் அடிப்பக்கத்தில் தொங்கியபடி ஓடும், தலை கீழே இருக்க இறங்கவும் செய்யும். தலைகீழாக இறங்குகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், அதுதான். கீழிருந்து ஏறும் பறவையின் கண்ணில் படாத பட்டை இடுக்குப் பூச்சியும் சிலந்தியும் மேலிருந்து வரும் இதற்குக் கிடைத்துவிடும்.

மரத்தடியில் போய் நிற்காதீர்கள். கழுத்து வலிக்கும், வயிறு மட்டும்தான் தெரியும். பதினைந்து இருபது அடி தள்ளி, வெயில் உங்கள் முதுகில் விழும்படி நில்லுங்கள். 8 மடங்கு பைனாகுலர் போதும். புளி, வேங்கை மாதிரி பட்டை வெடித்த பெரிய மரமாகத் தேர்ந்தெடுங்கள்.

போன தை மாதம் ஒன்று என் கண்மட்டத்துக்கு இறங்கி வந்தது. முதுகு முழுக்க ஊதா கலந்த நீலம். மிளகாய்ப்பழச் சிவப்பில் அலகு, மஞ்சள் கண். நெற்றியில் மட்டும் கறுப்பு. முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறேன், வெல்வெட் வெளிச்சத்தைக் குடிக்கும் விதம் எனக்குத் தெரியும். முதுகு பளபளக்கிறது, அந்த நெற்றி அப்படியே வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. இங்கிலீஷில் இதற்கு வெல்வெட் நெற்றி (Velvet-fronted Nuthatch) என்று பெயர் வைத்தவருக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அலகைப் பட்டைக்குள் விட்டு நெம்பியபோது நகம் அளவு செதில் ஒன்று பெயர்ந்து என் செருப்புப் பக்கத்தில் விழுந்தது.

“இன்னா சார், மரத்துல தேன்கூடா?” என்று சாமை மூட்டையோடு வந்த அம்மா கேட்டார். “இல்லம்மா, குருவி” என்று கையைக் காட்டினேன். “இதுவா! எங்க வீட்டுப் பின்னால தினமும் வருமே” என்றார். மலையில் இருப்பவர்களிடம் விசாரிக்காமல் போகாதீர்கள்.

ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டுமா? கண்ணுக்கு மேலே பின்பக்கமாக ஓடும் கறுப்புக் கோடு ஆணுக்கு உண்டு, பெண்ணுக்கு இல்லை. அலகு கறுத்திருந்தால் குஞ்சு.

அப்புறம், செல்போனில் அதன் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். என்னோடு வந்த ஒருவர் அப்படிச் செய்தார். இரை தேடிக்கொண்டிருந்த ஜோடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கள் தலைக்கு மேலே பதறிப் பறந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. மாசி, பங்குனியில் மரப்பொந்துக்குள் ஒன்று நுழைவதைப் பார்த்தால் அங்கே முட்டையோ குஞ்சோ இருக்கலாம், சத்தமில்லாமல் தள்ளிப் போய்விடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம். ரோட்டோர மரங்களிலேயே அது வரும். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் கூட்டம் ஒரு தடவையாவது கடக்கும். கடந்துவிட்டால் துரத்தாதீர்கள், நின்ற இடத்திலேயே உட்காருங்கள்.