சூடேற்றிய பாறையின் ஊடுருவுதிறனை அளப்பது எப்படி

பாறை தன் துளைகள் வழியே நீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதே ஊடுருவுதிறன். 20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் தடை, 1.002 மில்லிபாஸ்கல் விநாடி. 80 டிகிரியில் 0.354 தான். பாறை துளிகூட மாறாவிட்டாலும் அதே அழுத்தத்தில் ஏறக்குறைய 2.8 மடங்கு நீர் பாயும். அதைப் பார்த்து ‘ஊடுருவுதிறன் கூடிவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். ஓட்டம், அழுத்த வேறுபாடு, பாகுநிலை ஆகியவற்றிலிருந்து ஊடுருவுதிறனைக் கணக்கிடும் டார்சி சமன்பாட்டில் அந்தந்த வெப்பநிலைக்கான பாகுநிலையைப் போட வேண்டும்.

பாறை உருளையை வெற்றிடத்தில் வைத்து, காற்று நீக்கிய உப்புநீரால் நிரப்புங்கள். களிமண் உள்ள மணற்கல்லுக்கு நன்னீர் ஆகாது, களிமண் வீங்கித் துளைகளை அடைக்கும். உப்புநீர் என்றால் பாகுநிலையும் அந்த உப்பளவுக்கு உரியதாக இருக்கட்டும்.

மெதுவாகச் சூடேற்றுங்கள். பாறை உருளையை மூடியிருக்கும் உறையைச் சுற்றியுள்ள எண்ணெய் விரிந்து பக்க அழுத்தத்தை ஏற்றிவிடும். அவ்வப்போது வால்வைத் திறந்து அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லையேல் பாறை நசுங்கும், பழி சூட்டின் மேல் விழும்.

நீர் வெளியேறும் முனையில் எதிரழுத்தம், அதாவது ஓட்டத்துக்கு எதிராகக் கொடுக்கும் அழுத்தம், கட்டாயம். அது குறைந்தால் கரைந்த காற்று குமிழியாகப் பிரிந்து துளைகளை இணைக்கும் குறுகிய கழுத்தில் சிக்கும். ஓட்டம் மாறாமலே அழுத்த வேறுபாடு துள்ளித் துள்ளி ஏறுவது அதன் அடையாளம்.

80 டிகிரியில் பாய்ந்த நீரை வெளியே 20 டிகிரிக்கு ஆறிய பின் அளந்தால் கன அளவு சுமார் 2.6 சதவீதம் குறைவாகத் தெரியும், திருத்துங்கள்.

கடைசியில் 20 டிகிரிக்கு இறக்கி மறுபடி அளங்கள். பழைய மதிப்பு திரும்பாவிட்டால் நுண்துகள் நகர்ந்திருக்கும், அல்லது கனிமம் கரைந்தோ படிந்தோ இருக்கும்.