ஒன்ராறியோவில் முதல் வீடு: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு பழைய வீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் ஒஃபரை, அதாவது வாங்குவதாக எழுதித் தரும் ஒப்பந்தத்தை, விற்பவர் ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டால், மனம் மாறி விலகச் சட்டம் ஒரு நாள்கூடத் தராது. கட்டுமான நிறுவனத்திடம் புதுக் கொண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்குபவருக்கு 10 நாள் உண்டு. பழைய வீட்டுக்கு அது இல்லை. கடன் கிடைத்தால்தான் வாங்குவேன் என்பது போன்ற நிபந்தனை எதுவும் போடாமல் ஒஃபர் கொடுத்து, பிறகு வங்கி கடன் தர மறுத்தால், ஒஃபரோடு கட்டிய வைப்புப் பணம் போய்விடும். விற்பவர் அந்த வீட்டைக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால், அந்த வித்தியாசத்தையும் கேட்டு உங்கள் மேல் வழக்குப் போடலாம். அதனால் பார்க்க வேண்டியதை எல்லாம் கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

நிரந்தர வதிவுரிமை உள்ளவர்கள் வீடு வாங்கத் தடை இல்லை. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு, வாங்கும் நாளில் அந்த அனுமதி இன்னும் 183 நாளாவது செல்லுபடியாக வேண்டும்; ஒரு வீடுதான் வாங்கலாம். அப்போதும் மாகாணம் வெளிநாட்டவருக்கான 25 வீத வரியைக் கேட்கும். ரொறன்ரோவில் 2025 முதல் நகரசபையும் 10 வீதம் சேர்த்துக் கேட்கிறது. வதிவுரிமை வரும்வரை வாடகைக்கு இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, பணம். எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எங்கிருந்து வந்தது என்றும் வங்கி கேட்கும். வழக்கமாகக் கடைசி 90 நாள் கணக்கு விவரத்தைப் பார்ப்பார்கள். இடையில் பெரிய தொகை ஒன்று திடீரென்று ஏறியிருந்தால் விளக்கம் வேண்டும். ஊரில் காணி விற்ற பணம் என்றால் வங்கி வழியாக, நேரத்தோடு வரவழையுங்கள். விற்ற பத்திரத்தின் நகலை வைத்திருங்கள். உண்டியலில் வந்த பணத்துக்குக் காட்டக் காகிதம் இருக்காது. சீட்டு எடுத்த பணத்துக்கும் அதே சிக்கல். அம்மா அப்பாவோ சகோதரரோ தருவது திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்றால் அவர்கள் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். கடனாக வாங்கிய பணத்தை அன்பளிப்பு என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அது மோசடி, கடன் விண்ணப்பத்தில் பொய் சொன்னவராக மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கனடா வந்து ஓரிரு வருடத்தில் உறவுக்காரர் ஒருவர், "உன்ர கிரெடிட் நல்லா இருக்கு, வீட்டுக்குப் பெயரை மட்டும் தா" என்று கேட்கக்கூடும். உரிமைப் பத்திரத்தில் உங்கள் பெயர் ஏறினால், பின்னாளில் முதல் வீடு வாங்குபவருக்கான வரிச் சலுகை பெரும்பாலும் கைவிட்டுப் போகும். அந்தக் கடனும் உங்கள் கடனாகவே கணக்கில் நிற்கும். மாகாணத்தின் விதி உலகம் முழுவதையும் பார்க்கிறது: யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உங்கள் பெயரில் வீடு இருந்திருந்தாலும் நீங்கள் முதல் வீடு வாங்குபவர் அல்ல. இதைச் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கணக்கை ஒரு வீட்டை வைத்தே பார்ப்போம். விலை 8 இலட்சம் டொலர். முதல் 5 இலட்சத்துக்கு 5 வீதம், மிச்சத்துக்கு 10 வீதம் என்று குறைந்தபட்ச முற்பணம் 55,000. முற்பணம் 20 வீதத்துக்குக் குறைவு என்பதால், நீங்கள் கட்டத் தவறினால் வங்கியைக் காக்கும் கடன் காப்புறுதி கட்டாயம். 25 வருடக் கடனுக்கு அது கடன் தொகையில் 4 வீதம், அதாவது 29,800 டொலர். இதைக் கடனோடு சேர்க்கலாம். ஆனால் அதன்மேல் வரும் 8 வீத மாகாண வரி, 2,384 டொலரை, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பலரும் இதை எதிர்பார்ப்பதே இல்லை. பிறகு காணி மாற்ற வரி. ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ஸ்காபரோவில் வாங்கினால் மாகாணத்துக்கு 12,475, நகரசபைக்கு இன்னொரு 12,475. முதல் வீட்டுச் சலுகை போக 16,475 டொலர் மிஞ்சும். அதே வீதியைக் கடந்து மார்க்கத்தில் அதே விலைக்கு வாங்கினால் 8,475 தான். சட்டத்தரணி கட்டணம், உரிமைக் காப்புறுதி, வீட்டுப் பரிசோதனை எல்லாம் இதற்கு மேல்.

முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கை (FHSA) இப்போதே திறந்து வையுங்கள். வருடம் 8,000, மொத்தம் 40,000 டொலர் வரை போடலாம். வருமான வரியில் கழிவு உண்டு, வீடு வாங்க எடுக்கும்போதும் வரி இல்லை. கணக்குத் திறந்த பிறகுதான் வருடாந்த வரம்பு சேரத் தொடங்கும்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது பேஸ்மென்டில், அதாவது நிலக்கீழ்த் தளத்தில். "தனி வாசல் இருக்கு, வாடகை வரும், அதிலேயே கடன் போகும்" என்பார்கள். தனி வாசல் இருப்பதால் மட்டும் அது சட்டப்படியான வாடகைக் குடியிருப்பு ஆகிவிடாது. தீ பரவாத தடுப்பு, வெளியேறப் போதுமான ஜன்னல், புகை எச்சரிப்புக் கருவி, நகரசபை அனுமதி எல்லாம் வேண்டும். ஒப்பந்தத்தில் "பேஸ்மென்டின் ரெட்ரோஃபிட் நிலைக்கு விற்பவர் உத்தரவாதம் தரவில்லை" என்று ஒரு வரி இருந்தால், அந்தத் தளம் வாடகைக்கு விடும் தீப்பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றப்பட்டதா என்று நின்று கேளுங்கள். அனுமதி இல்லாத இடத்தில் தீப்பிடித்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடலாம். ஏற்கெனவே ஆள் குடியிருந்தால் வீடு கைமாறியதும் அவர் தானாக வெளியேற வேண்டியதில்லை. நீங்களே அங்கு குடியேறப்போவதாக இருந்தாலும் 60 நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும்; அவர் மறுத்தால் வாடகைத் தீர்ப்பாயத்தில் மாதக்கணக்கில் இழுபடும். வீடு காலியாகவே கைக்கு வர வேண்டும் என்று ஒஃபரில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடன், பரிசோதனை இரண்டுக்கும் நிபந்தனை போடுங்கள். கொண்டோ என்றால் நிர்வாகத்தின் நிலைச் சான்றிதழைச் சட்டத்தரணி படிக்கும்வரையும் நிபந்தனை வேண்டும். கட்டடத்தின் பெரிய திருத்த வேலைகளுக்கான சேமநிதி வற்றியிருப்பது அதில்தான் தெரியவரும். "போட்டி அதிகம், நிபந்தனை போட்டால் கிடைக்காது" என்று முகவர் சொன்னால், அந்த வீட்டை விட்டுவிடுங்கள். முகவர் சொந்தக்காரர் என்பதால் கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். விற்பவருக்கும் அவரே முகவரா என்று கேளுங்கள். உங்களோடு அவர் செய்யும் ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்றும் பாருங்கள். அப்புறம் சுடுதண்ணீர்த் தாங்கி, வெப்பமூட்டி, குளிரூட்டி மூன்றும் வாடகையா சொந்தமா என்று எழுத்தில் வாங்குங்கள். வாடகை என்றால் மாதத் தொகை எவ்வளவு, ஒப்பந்தத்தை முறித்தால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.