முடிவுறு களங்களின் மேல் ஃபங்க்டர்கள்: எங்கே சறுக்குகிறோம்?

ஒரு முடிவுறு களத்தை, அதாவது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செய்யக்கூடிய, எண்ணி முடிக்கக்கூடிய உறுப்புகள் கொண்ட அமைப்பை, எடுத்துக்கொள்வோம். அதன் மேலுள்ள முடிவுறு பரிமாண வெக்டர் வெளிகளிலிருந்து அதே களத்தின் வெக்டர் வெளிகளுக்குப் போகும் ஃபங்க்டர்கள் (ஒவ்வொரு வெளிக்கும் ஒரு வெளியையும், ஒவ்வொரு நேரியல் உருமாற்றத்துக்கும் ஓர் உருமாற்றத்தையும், அடுத்தடுத்துச் செய்வது கெடாமல் தரும் விதிகள்) எல்லாம் சேர்ந்து ஒரு கேட்டகரி, அதாவது பொருள்களும் அவற்றுக்கிடையேயான உருமாற்றங்களும் கொண்ட அமைப்பு, ஆகின்றன. 1993-ல் ஹென், லான், ஸ்வார்ட்ஸ் மூவரும் இதை ஸ்டீன்ராட் இயற்கணிதத்தின் (இடவியலில் கோஹோமாலஜியின் மேல் செயல்படும் செயலிகளின் அமைப்பு) மாட்யூல்களோடு இணைத்துக் காட்டினார்கள். இடவியல் படிப்பவர்களும் இந்தப் பக்கம் வருவதற்கு அது ஒரு பெரிய காரணம். நேரியல் இயற்கணிதம் கைவந்தவர்களைத்தான் இங்கே அந்தப் பழக்கமே அதிகம் காலை வாருகிறது.

முதல் சறுக்கல், ஃபங்க்டர் கூட்டலை மதிக்கும் என்று நினைப்பது. அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு வெளியின் ஒவ்வொரு வெக்டரையும் அடிப்படை உறுப்பாக வைத்துப் புதிய வெளி கட்டுங்கள். இரண்டு உறுப்புக் களத்தின் மேல் 3 பரிமாண வெளி 8 பரிமாணமாகிவிடும். பூச்சிய வெளிகூட 1 பரிமாணம் பெறும். இரண்டு உருமாற்றங்களின் கூடுதல், அவற்றின் பிம்பங்களின் கூடுதலுக்குப் போகாது. ஆனாலும் இது முறையான ஃபங்க்டர்தான். சொல்லப்போனால், இந்தக் கேட்டகரியில் மிக முக்கியமானவற்றில் ஒன்று.

அடுத்தது இன்னும் நுட்பமானது: நேர்மாறு உள்ள அணிகளை மட்டும் சோதித்துவிட்டு முடிவுக்கு வருவது. மீண்டும் இரண்டு உறுப்புக் களம். க, ச என்ற அடிப்படை கொண்ட 2 பரிமாண வெளியின் சமச்சீர் வர்க்கத்தில் க², க·ச, ச² இருக்கின்றன. வர்க்கங்களான க², ச² இரண்டையும் பூச்சியமாக்கினால் மிஞ்சுவது வெட்ஜ் வர்க்கம்; அதில் க·ச-வின் இடத்தில் நிற்பதை க∧ச என்று எழுதுவோம். அதைச் சமச்சீர் வர்க்கத்துக்குள் திரும்பப் பொருத்த முடியுமா? க∧ச-வை க² + க·ச + ச²-க்கு அனுப்பிப் பாருங்கள். க-வையும் ச-வையும் இடம் மாற்றினாலும், க-வுக்குப் பதில் க + ச போட்டாலும் அந்தக் கோவை மாறுவதில்லை. நேர்மாறு உள்ள 6 அணிகளுக்கும் சரியாக வருகிறது! ஆனால் ச-வைப் பூச்சியத்துக்கு அனுப்பும் உருமாற்றத்தைப் போடுங்கள். க∧ச பூச்சியமாகிறது; கோவையோ க² ஆக நிற்கிறது. வர்க்க உறுப்புகள் இல்லாமல் க·ச மட்டும் வைத்தாலும் சரிவராது: க-வை க + ச ஆக்கினால் க∧ச அப்படியே இருக்கும், க·ச-வோடு ச² ஒட்டிக்கொள்ளும். ஆக, ஃபங்க்டராகப் பார்த்தால் சமச்சீர் வர்க்கத்துக்குள் வெட்ஜ் வர்க்கத்தைத் தனியே பிரித்து வைக்கும் வழியே கிடையாது. நேர்மாறு இல்லாத அணிகளை ஒருபோதும் ஒதுக்காதீர்கள். இந்தத் துறையின் உயிரே அவைதான்.

சாதாரணப் பல்லுறுப்பு ஃபங்க்டரையும் (கூட்டலிலிருந்து விலகுவது ஒரு குறிப்பிட்ட படிக்கு மேல் போகாதது) ஃப்ரீட்லாண்டர், சுஸ்லின் 1997-ல் தந்த ‘கண்டிப்பான’ பல்லுறுப்பு ஃபங்க்டரையும் (உருமாற்றங்களின் மேல் அது செயல்படும் விதமே பல்லுறுப்புக் கோவைகளாகத் தரப்படுவது) குழப்புவதும் அடிக்கடி நடக்கிறது. பகா எண் அளவுள்ள களத்தில் ஃப்ரொபீனியஸ் (ஒவ்வோர் உறுப்பையும் அந்தப் பகா எண் அடுக்குக்கு உயர்த்துவது) எதையும் அசைப்பதில்லை. அதனால் ஃப்ரொபீனியஸ் திருப்பம் சாதாரணக் கணக்கில், எதையும் மாற்றாத சமனி ஃபங்க்டரேதான், படி 1. கண்டிப்பான கணக்கில் அதன் படி அந்தப் பகா எண். எக்ஸ்ட் குலங்களும் (ஒரு ஃபங்க்டரை இன்னொன்றோடு எத்தனை விதமாக ஒட்டலாம் என்பதை அளப்பவை) மாறும்: சமனி ஃபங்க்டருக்கும் அதே சமனி ஃபங்க்டருக்கும் இடையில், சாதாரணக் கேட்டகரியில் ஒவ்வோர் இரட்டைப் படியிலும் 1 பரிமாணம் உண்டு, கண்டிப்பானதில் படி 0-வோடு சரி. எந்தக் கேட்டகரியில் கணக்கிடுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம், மதிப்புகள் முடிவுறு பரிமாணம் என்பதால் ஃபங்க்டரின் நீளமும் (மேலும் உடைக்க முடியாத துண்டுகளின் எண்ணிக்கை) முடிவுறும் என்று எண்ணக் கூடாது. மேலே கட்டிய வெக்டர்-அடிப்படை ஃபங்க்டரே அதற்கு எதிர் உதாரணம். முடிவுறு எண்ணிக்கையிலான உறுப்புகளால் பிறப்பிக்கப்பட்ட ஃபங்க்டரின் உட்ஃபங்க்டர்களும் அப்படியே பிறப்பிக்கப்படும் என்பது வேறு செய்தி. லானும் ஸ்வார்ட்ஸும் ஊகித்திருந்த அதை புட்மன்–சாம், சாம்–ஸ்னோடன் ஆகியோர் நிறுவினார்கள். இரு கட்டுரைகளும் 2017-ல் வெளிவந்தன.

கடைசியாக, மதிப்புகள் எந்தக் களத்தில் என்பதைக் கவனியுங்கள். அந்தக் களத்தின் சிறப்பெண் (1-ஐ எத்தனை முறை கூட்டினால் பூச்சியம் வருமோ அந்த எண்) தொடக்கக் களத்தினுடையதிலிருந்து வேறாக இருந்தால் கதையே வேறு: 2015-ல் குன் காட்டியபடி, கேட்டகரி முழுவதும் நேர்மாறு உள்ள அணிக் குலங்களின் பிரதிநிதித்துவங்களாக, அளவு வாரியாகத் தனித்தனியே பிரிந்துவிடும். அந்த முடிவை ஒரே சிறப்பெண் உள்ள சூழலுக்கு எடுத்து வந்தால், மேலே பார்த்த க∧ச உதாரணமே அதை உடைத்துவிடும்.