விழுந்து முளைக்காத கடைவாய்ப் பல்

"விழுந்து முளைக்கிற பல்தானே டாக்டர், பிடுங்கிடுங்களேன்." எட்டு வயதுப் பிள்ளையைக் கன்னம் வீங்க அழைத்து வருகிற பெற்றோர் பலரும் என்னிடம் சொல்வது இதைத்தான். அந்தக் கடைவாய்ப் பல் விழுந்து முளைக்கிற பால் பல் இல்லை. வாழ்நாளுக்கும் இருக்க வேண்டிய நிலைப்பல்.

அவர்கள் மேலும் குற்றமில்லை. முன்பல் ஆடும், விழும், கூரைமேல் எறிவோம். புதுப்பல் வருவது ஊருக்கே தெரியும். முதல் பெரிய கடைவாய்ப் பல் எதையும் தள்ளிவிட்டு வருவதில்லை. ஆறு வயதுவாக்கில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் வெறும் ஈறில் முளைத்துவிடுகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். பிள்ளையை மடியில் படுக்கவைத்து, செல்போன் டார்ச்சைப் போடுங்கள். முன்வாயின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். விழுந்த பல்லின் ஓட்டையையும் ஒன்றாகக் கணக்கு வையுங்கள். ஒரு பக்கத்துக்குப் பால் பல் ஐந்துதான். ஆறாவதாக ஒன்று இருந்தால் அதுதான் ஆள். கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம். நிலைப்பல்லின் நிறமே அதுதான். மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நான்கு. மேல்பல் சட்டென்று கண்ணில் படாது. ஸ்பூனின் பின்பக்கத்தால் கன்னத்தை ஒதுக்கிப் பாருங்கள்.

கீழ்ப்பல்லின் தலையில் பெரும்பாலும் ஐந்து முகடுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஓடும் பள்ளங்கள் சில இடங்களில் பிரஷ் நாரைவிடக் குறுகல். பிஸ்கட் மாவு அதற்குள் போய் அப்பிக்கொண்டால் கொப்பளித்தாலும் வராது. போதாததற்கு, பாதி முளைத்த பல் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருப்பதால், நேராகத் தேய்க்கிற பிரஷ் அதைத் தொடாமலே போய்விடும். கன்னத்துப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக விட்டு, அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தேய்த்துவிடுங்கள். ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு போதும். ஏழெட்டு வயது வரை இது உங்கள் வேலை.

எனக்குப் பதினொரு வயதில் கீழ் இடது பக்கம் இதே பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பின்னால் வந்த பல் அந்த இடத்தில் சாய்ந்துவிட்டது, எதிரே மேல்பல் கீழே இறங்கிவிட்டது. இன்றும் முறுக்கு என்றால் வலது பக்கம்தான்.

பல் முழுதாக வெளியே வந்ததும் சீலன்ட், அதாவது பள்ளங்களை மூடும் பூச்சு, போடலாமா என்று பல் டாக்டரிடம் கேளுங்கள். ஊசி கிடையாது, பள்ளத்தைச் சுத்தம் செய்து உலர்த்தி, பிசின் பூசி, ஒளி காட்டி இறுக வைப்பார்கள். சில நிமிட வேலை. சொத்தை விழுந்துவிட்டாலும் பிடுங்கச் சொல்லி அவசரப்படாதீர்கள். இதன் வேர் நுனி மூட ஒன்பது, பத்து வயதாகும். அதற்குள் பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பல்கூழைக் காப்பாற்ற முடிந்தால் வேர் தானாக வளர்ந்து முடியும். அதனால் பள்ளத்தில் கருப்புக்கோடு தெரிந்தாலே போய்க் காட்டிவிடுங்கள், வலிக்கட்டும் என்று இருக்க வேண்டாம்.