லேப்டாப்பில் தெரிந்த படம் சர்வரில் தெரியவில்லை: சரிசெய்த விதம்

முதல் வெப்சைட்டை ஏற்றியதும் 403 (அனுமதி மறுப்பு) பிழைதான் வந்தது. காரணம் சின்னது. ஜிப்பை விரித்தபோது கோப்புகள், சர்வர் வெப்சைட்டை எடுத்துக் காட்டும் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டராகப் போய் உட்கார்ந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரு படி மேலே நகர்த்தி, முகப்புக் கோப்பின் பெயரை இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்று முழுக்கச் சின்ன எழுத்தில் மாற்றியதும் பக்கம் திறந்தது.

படங்கள் மட்டும் வரவில்லை. பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பார்த்தால் வரிசையாக 404, அதாவது கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை. கேமரா தந்த பெயரின் முடிவில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்தில் எழுதியதோ சின்ன எழுத்தில். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் சர்வர் எடுத்துக்கொள்ளாது. பெயர்களைச் சின்ன எழுத்தாக்கி, இடைவெளிகளுக்குப் பதில் சிறு கோடு போட்டேன். இரண்டு படங்களின் முகவரி 'சி' டிரைவில் தொடங்கியது. அது என் லேப்டாப்பில் மட்டும் உள்ள இடம், சர்வருக்கு என்ன தெரியும்? 'இமேஜஸ்' ஃபோல்டரிலிருந்து தொடங்கும்படி மாற்றினேன்.

தமிழ் எழுத்து குழம்பினால் இரண்டு வகை உண்டு. à, ® போன்ற குறிகள் தெரிந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது. பக்கத்தின் ஹெட் பகுதியின் முதல் வரியாக, எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்று பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா டேக் சேர்த்தால் பெரும்பாலும் போதும். வெறும் கேள்விக்குறிகள் என்றால் கோப்பையே தமிழ் எழுத்துக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய எழுத்துமுறையில் சேமித்திருக்கிறீர்கள். எழுத்து போனது போனதுதான், மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும்.

சர்வரில் யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று சொல்லும் அனுமதி எண்: ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644. எவர் சொன்னாலும் எல்லோரும் மாற்றலாம் என்னும் 777 வேண்டாம். திருத்தியும் பழைய பக்கமே வந்தால் கன்ட்ரோல்+எஃப்5.